இடது ஓரத்துக் கையெழுத்து

ஹோரஸ் கிரிம்ஷாவின் கையெழுத்தைப் பார்க்காதவர்கள் நெப்ராஸ்கா மாநிலத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. இன்னொருவர் அன்று காலையில்தான் பிறந்திருந்தார்.

ஹெரன் குரோவ் தேசிய வங்கிக்கு ஹோரஸ் தலைவர், அவருடைய தம்பி வில்பர் காசாளர். அந்த நாளில் நோட்டு என்பது வாஷிங்டனிலிருந்து முழுதாகச் செய்து வருகிற சரக்கு அல்ல. அரசாங்க அச்சகம் ஊர் வங்கியின் பெயரைப் போட்டு, நான்கு நோட்டுகள் சேர்ந்த பெரிய தாள்களாக அடித்துத் தபாலில் அனுப்பிவிடும். அதில் இடது ஓரத்தில் காசாளரும் வலது ஓரத்தில் தலைவரும் பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்டு, கத்தரிக்கோலால் வெட்டினால்தான் ஊர் அதைப் பணம் என்று ஒப்புக்கொள்ளும். வில்பர் வெட்டிய நோட்டின் ஓரத்தை வைத்துக் கொத்தனார் சுவர் எழுப்பலாம். ஹோரஸ் வெட்டியது பிளாட் நதி மாதிரி வளைந்து வளைந்து போகும். அதைக் கையில் வாங்கியவர்களுக்குக் கொஞ்சம் தலை சுற்றும்.

கையெழுத்தோ இன்னும் மோசம். வில்பர் தன் பெயரை ஒரு வாத்துக்குஞ்சு நடப்பது போல அடக்கமாக எழுதுவார். ஹோரஸ் எழுதுவது ஒரு ஊர்வலம். முன்னால் பித்தளை வாத்தியக் கோஷ்டி, நடுவில் குதிரைகள், கடைசி எழுத்து முடிந்த இடத்திலிருந்து நீளமாக ஒரு வால். அந்த வால் திரும்பி இடது பக்கம் பாய்ந்து, நோட்டின் குறுக்கே ஓடி, தம்பியின் பெயருக்குள் புகுந்து இரண்டு சுற்றுச் சுற்றி, அங்கேயே படுத்துக்கொள்ளும்.

வால் முளைத்ததற்குக் காரணம் உண்டு. வங்கி தொடங்கிய புதிதில் ஒரு நாள் ஹோரஸ் புது நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"டேய் வில்பர், நோட்டை எவனும் எந்தப் பக்கத்துலேருந்துடா படிப்பான்?"

"இடது பக்கத்துலேருந்துதான்."

"அப்ப முதல்ல உன் பேரு. அதுக்கப்புறம்தான் என் பேரு. இந்த பேங்க்குக்கு நான் தலைவனா நீ தலைவனா?"

"அண்ணே, நோட்டை யாரு படிக்கிறா? எத்தனைன்னு பார்த்துட்டுப் பையில போட்டுக்குவாங்க."

ஹோரஸுக்கு அது சமாதானமாகப்படவில்லை. இரண்டு பெயர்களையும் இடம் மாற்றச் சொல்லி வாஷிங்டனுக்கு எழுதினார். அச்சுத் தகட்டை மாற்ற முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. இடத்தை மாற்ற முடியாவிட்டால் என்ன, இடது பக்கத்துக்கு ஆள் அனுப்பலாமே என்றுதான் அந்த வாலைக் கிளப்பினார்.

வில்பர் சிரித்துக்கொண்டார். அவருக்கு நோட்டைப் பற்றி வேறு விதமான பிரியம். தாளைத் தடவித் தடவிப் பார்ப்பார். "அண்ணே, இது மரக்கூழ் இல்ல தெரியுமா? பருத்தியும் லினனும். யாரோ போட்டுக் கிழிச்ச பழைய சட்டையை அரைச்சுப் பண்றது. உள்ள பாரு, சிவப்புலயும் நீலத்துலயும் பொடிப் பொடியாப் பட்டு நூல்" என்பார். "அச்சுத் தகட்டுல முகம் செதுக்குறவன் எழுத்து செதுக்க மாட்டானாம். எழுத்து செதுக்குறவன் ஓரத்துப் பூவேலையைத் தொட மாட்டானாம். ஒரே ஆளுக்கு எல்லா வேலையும் வந்துட்டா அவன் வீட்டுலயே அடிக்க ஆரம்பிச்சுடுவான்ல?" என்று சொல்லி, ஏதோ தானே அந்த ஏற்பாட்டைச் செய்த மாதிரி மகிழ்ந்து போவார். ஹோரஸ் இதெல்லாம் காதில் வாங்கியதில்லை. அவருக்குத் தாளில் தெரிந்தது வலது ஓரம் மட்டும்தான்.

ஐரோப்பாவில் பெரிய யுத்தம் தொடங்கிய வருஷம் ஒமாஹாவிலிருந்து மை விற்பவன் ஒருவன் வந்தான். வில்பர் அப்போது சாப்பிடப் போயிருந்தார்.

"ஐயா, இது இரும்பு சேர்ந்த கறுப்பு மை. தாள் இத்துப் போனாலும் எழுத்து போகாது" என்று ஒரு புட்டியை வைத்தான். பக்கத்தில் இன்னொன்றை வைத்தான். "இது வயலெட். பொண்ணுங்க கடுதாசிக்கு ரொம்ப எடுப்பு. ஆனா உண்மையைச் சொல்லிடுறேன், நிக்காது. வெளிச்சமோ இருட்டோ, ஒரு வருஷத்துல ஆளைக் காணோம்னு ஓடிடும்."

ஹோரஸ் இரண்டையும் பார்த்தார். அவர் மூளைக்குள் ஒரு சின்னக் கதவு திறந்தது. கெட்ட மனுஷன் என்று அவரைச் சொல்ல முடியாது. பசித்தவனுக்குச் சோறு போட்டிருக்கிறார், பஞ்சத்தில் விதைக்குக் கடன் கொடுத்திருக்கிறார். அந்தக் கதவு மட்டும் திறக்காமல் இருந்திருக்கலாம்.

"ரெண்டும் கொடு" என்றார்.

கறுப்பைத் தன் மேஜையில் வைத்துக்கொண்டார். வயலெட்டைத் தம்பியின் மேஜையில் வைத்தார். சாப்பிட்டுவிட்டு வந்த வில்பர் புட்டியைத் திறந்து ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி குதித்தார்.

"அண்ணே! எனக்குப் பிடிச்ச கலர் உனக்கு எப்படித் தெரியும்?"

"தம்பிக்கு என்ன பிடிக்கும்னு அண்ணனுக்குத் தெரியாதா?" என்றார் ஹோரஸ்.

அதன் பிறகு எல்லா வருஷமும் ஒமாஹாவிலிருந்து அந்த இரண்டு புட்டிகளும் தவறாமல் வந்தன. ஹெரன் குரோவ் நோட்டுகள் புறப்படும்போது இரண்டு பெயரோடு புறப்பட்டன. கை மாறி மாறி டென்வர் போய்ச் சேரும்போது ஒரு பெயரோடு போய்ச் சேர்ந்தன. செல்லுபடியாவதில் சிக்கல் ஒன்றும் வரவில்லை. ஹோரஸுக்கு மட்டும் தினமும் சாப்பாடு நன்றாக இறங்கியது.

1929 பிப்ரவரியில் வில்பருக்கு நிமோனியா வந்தது. கடைசி நாள்வரை பேசிக்கொண்டிருந்தார். "ஜூலையில அளவுல சின்னதா புது நோட்டு வருதாமே அண்ணே, கையெழுத்தையும் அவங்களே அச்சடிச்சு அனுப்பிடுவாங்களாம். இனிமே நமக்குச் சேர்ந்து உட்கார்ற வேலையே இல்ல பாரு" என்றார். அடுத்த நாள் பேசவில்லை.

பனி உருகியதும் அவர் மனைவி ஒட்டிலி வங்கிக்கு வந்தாள். எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள், கதவருகிலேயே நின்றாள்.

"ஹோரஸ், கல்லு வெட்டுற பெவன்கிட்ட சொல்லியிருக்கேன். மே கடைசியில ஊரே கல்லறைக்குப் பூ வைக்கிற நினைவு நாளுக்குள்ள கல்லு நட்டுடலாம்னு சொல்றார். உங்க தம்பி பேரை அச்சு எழுத்துல வெட்ட வேணாம். நோட்டுல போடுவாரே, அந்தக் கையெழுத்தாவே வெட்டணும். ஊர்ல எல்லார் பையிலயும் இருந்த பேரு அது. அச்சு எழுத்துல பார்த்தா வேற யாரோ படுத்திருக்கிற மாதிரி இருக்கும்."

"அதுக்கென்னம்மா" என்றார் ஹோரஸ்.

"நல்லாத் தெரியுற மாதிரி ஒரு நோட்டு மட்டும் எடுத்துக் கொடுங்க. அது போதும்."

அவள் போனதும் ஹோரஸ் பெட்டகத்தைத் திறந்தார். புது அளவு வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து அவர்கள் தாள் வரவழைக்கவில்லை. உள்ளே இருந்தவை எல்லாம் ஒன்றரை வருஷத்துப் பழசு. ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னலில் பிடித்தார். வலது ஓரத்தில் வாத்தியக் கோஷ்டியும் குதிரைகளும் கறுகறுவென்று நின்றன. இடது ஓரத்தில் கண்ணாடியில் யாரோ மூச்சுவிட்டது போல ஒரு மங்கல். அதற்குள் அவருடைய வால் மட்டும் தனியாகப் படுத்திருந்தது.

வங்கியில் வில்பர் முழுப் பெயரை எழுதியது நோட்டில் மட்டும்தான், கணக்கேட்டிலெல்லாம் வெறும் முதலெழுத்துதான். வீட்டில் எதுவும் எழுதுகிற ஆளில்லை. கல்யாணப் பதிவேடு தேவாலயத்தில் இடி விழுந்த அன்றே எரிந்து போயிருந்தது. காதல் கடிதமா? ஒட்டிலியின் வீடு எதிர்வீடு. ஜன்னலைத் திறந்து கூப்பிட்டால் முடிந்தது.

யுத்தத்துக்கு முந்திய நோட்டு ஒன்று கிடைத்தால் போதும். அப்போது இரண்டு பேருக்கும் ஒரே கறுப்பு மைதான். ஆனால் அந்தக் காலத்து நோட்டெல்லாம் கந்தலாகி வாஷிங்டனுக்குத் திரும்பிப் போய்விட்டன. அங்கே அவற்றை என்ன செய்வார்கள் என்பது ஹோரஸின் மேஜையிலேயே இருந்தது. வில்பர் தேனிலவுக்கு வாஷிங்டன் போனபோது வாங்கி வந்த பொம்மைத் தொப்பி ஒன்று. பழைய நோட்டுகளை அரைத்துக் கூழாக்கி, அந்தக் கூழில் பிடித்துக் காய வைத்தது. "அஞ்சாயிரம் டாலர் இதுக்குள்ள இருக்குன்னு கடைக்காரன் சத்தியம் பண்றான் அண்ணே, கால் டாலருக்குக் கொடுத்துட்டான் பாரு, ஏமாளி!" என்று சொல்லிக் கொடுத்தார். அந்தச் சாம்பல் நிறத் தொப்பியை ஹோரஸ் அன்று நெடுநேரம் உருட்டி உருட்டிப் பார்த்தார். ஊரெல்லாம் சுற்றிய ஏதேதோ பெயர்கள் அதற்குள் மாவாகிக் கிடந்தன.

மறுநாளிலிருந்து ஹெரன் குரோவில் ஒரு அதிசயம் நடந்தது. வங்கித் தலைவர் வீடு வீடாகப் போய் மற்றவர்கள் பர்ஸைத் திறக்கச் சொன்னார். சில பேர் வங்கி திவாலாகிவிட்டது என்று முடிவு கட்டி முயல் மாதிரி ஓடினார்கள். ஒரு கிழவி பணத்தைக் கொண்டுபோய்க் கோழிக்கு அடியில் வைத்தாள். அந்தக் கோழி அதற்கப்புறம் மூன்று வாரம் எழுந்திருக்கவே இல்லை என்று பேச்சு.

முடிதிருத்தும் கடையில் முகத்தில் சோப்பு நுரையோடு இருந்தவர்கள்கூடப் பையில் கைவிட்டு எடுத்துக் காட்டினார்கள்.

"இந்தாங்க. உங்க பேரு நல்லா எருமை மாதிரி நிக்குதே."

"என் பேரு இல்லப்பா. இந்தப் பக்கம் பாரு."

"இந்தப் பக்கம் ஒண்ணும் இல்லையே. ஏங்க, வில்பர் கையெழுத்தே போடலையா?"

"போட்டான்."

"போட்டா எங்க போச்சு? உங்களது போகலையே?"

"ரெண்டு பேரும் ஒரே மையிலதானே போட்டிருப்பாங்க" என்றார் நுரைக்குள்ளிருந்து ஒருவர். "பெரியவர் அழுத்திப் போட்டிருப்பாரு. சின்னவருக்கு எதையுமே அழுத்திச் செய்யத் தெரியாது."

எல்லோரும் அன்போடு சிரித்தார்கள். ஹோரஸ் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார். தேவாலய விருந்தில், ரயில் நிலையத்தில், மக்காச்சோளக் கிடங்கில், எங்கே போனாலும் அவருடைய பெயரே அவரை எதிர்கொண்டு வந்தது. அதைப் பார்க்கத்தான் அத்தனை வருஷம் ஆசைப்பட்டார். இப்போது ஒவ்வொரு பர்ஸிலிருந்தும் அது தலையை நீட்டி "நான்தான், நான் மட்டும்தான்" என்று கத்தியது. மே மாதம் பாதி தாண்டியபோது அவர் தன் கையெழுத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார்.

கடைசியாக டோலிவரின் கார்ப் பட்டறைக்குப் போனார். டோலிவர் ஒரு பழைய காருக்கு அடியில் படுத்திருந்தான். கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

"யாரு? பிரசிடெண்ட் ஐயாவா? பூட்ஸ் பளபளப்பைப் பார்த்தே தெரியுது" என்றது காருக்கு அடியிலிருந்து குரல். "பையில ஒண்ணும் இல்லீங்க. என் பையை மாசத்துல இருபது நாள் காத்துதான் நிரப்புது."

"பழைய நோட்டு ஏதாவது, டோலிவர். யுத்தத்துக்கு முந்தினது."

கால்கள் அசையாமல் நின்றன. பிறகு ஆள் முழுசாக வெளியே வந்தான்.

"முதல்லயே என்கிட்ட வர வேண்டியதுதானே? ஊரெல்லாம் சுத்தினீங்க, கிரீஸ் படும்னு இங்க மட்டும் வரல."

சுவரில் டயர்களுக்குப் பின்னால் ஒரு சட்டம் தொங்கியது. தொழில் தொடங்கினால் முதலில் கிடைத்த நோட்டைச் சட்டம் போட்டு மாட்டுவது அந்த ஊர் வழக்கம். டோலிவரும் மாட்டியிருந்தான், பதினெட்டு வருஷத்து எண்ணெய்ப் புகை அதன்மேல் பாலாடை மாதிரி படிந்திருந்தது. துணியால் துடைத்தான். உள்ளே ஒரு ஐந்து டாலர்.

"என் முதல் கிராக்கி யாருன்னு நினைக்கிறீங்க? உங்க தம்பிதான். கார் நல்லாத்தான் ஓடிட்டிருந்துது. புதுசாக் கடை போட்டிருக்கானேன்னு, வேணும்னே ஒரு திருகைக் கழட்டிட்டு வந்தாரு மனுஷன். மை காயறதுக்குள்ள கொடுத்தாரு."

இடது ஓரத்தில், கறுப்பு மையில், வில்பர் கிரிம்ஷா. அழியாமல், முழுதாக. அதன் நடுவே நுழைந்து சுற்றிக்கொண்டு ஹோரஸின் வால்.

ஹோரஸ் கையை நீட்டினார். டோலிவர் சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"தர மாட்டேன். கூட வர்றேன். பெவன் பார்க்கட்டும், வெட்டட்டும், அப்புறம் இது திரும்ப இந்த ஆணிக்கே வந்துடணும்."

அன்று பிற்பகலே ஒட்டிலியையும் சேர்த்து நான்கு பேரும் பெவனின் முற்றத்தில் கூடினார்கள். சாம்பல் நிறக் கருங்கல் ஒன்று வழவழவென்று தயாராக நின்றது. பெவன் வேல்ஸ் நாட்டுக்காரன். எழுத்து மட்டும்தான் வெட்டுவான், தேவதை, பூ, புறாவெல்லாம் கேட்டால் அடுத்த ஊருக்கு அனுப்பிவிடுவான். பூதக்கண்ணாடியை வைத்து நோட்டைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"பேரு தெரியுது. ஆனா நடுவுல ரெண்டு கை கலந்து கிடக்குதே. இந்தக் கோடு யாருது?"

"அது என்னோடது" என்றார் ஹோரஸ் அவசரமாக. "அதை எடுத்துடு. அது வேணாம்."

"எடுத்துடலாம். எது எதுன்னு சொல்லுங்க. இந்தக் கொக்கி?"

ஹோரஸ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"அது... என்னோடதுதான். இல்ல, இரு. அது அவன் 'ல்' போடுறது."

"அப்ப இந்தச் சுழி?"

"அது அவனோடது. அவன் அப்படித்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"கீழ இறங்கி வர்ற இந்த வளைவு? பேரு இதுல முடியுதா, இங்கேருந்து உங்க வால் ஆரம்பிக்குதா?"

ஹோரஸ் கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். வில்பர் தன் பெயரை எப்படி முடிப்பார்? மேலே தூக்கியா, கீழே இழுத்தா? பக்கத்து நாற்காலியில் அந்தக் கை ஆயிரம் முறை, பத்தாயிரம் முறை ஓடியிருக்கிறது. அந்த நேரமெல்லாம் அவர் கண் எங்கே இருந்தது என்பது அவருக்குத் தெரியும்.

"பக்கத்துலயே உட்கார்ந்து போட்டீங்களே ஐயா?" என்றான் பெவன். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

"ஒட்டிலி, உனக்குத் தெரியுமாம்மா?"

அவள் சட்டத்தின் மேல் குனிந்து பார்த்தாள். "தெரியல. அவர் பேரை நான் நோட்டுல பார்த்தப்பல்லாம் உங்க வாலும் கூடவேதான் இருந்தது. இதெல்லாம் சேர்ந்துதான் அவர் கையெழுத்துன்னு முதல்ல நான் நினைச்சேன்."

டோலிவர் தானாகவே சட்டத்தை ஹோரஸ் பக்கம் நகர்த்தி வைத்தான். அது அந்த ஊரில் ரயில் நேரத்துக்கு வருவதைவிட அபூர்வம்.

"ஒட்டிலி, அந்த மை..." என்றார் ஹோரஸ். "அந்த வயலெட் மை நிக்காது. வாங்கும்போதே எனக்குத் தெரியும்."

"எங்களுக்கும் தெரியும்."

"எங்களுக்குன்னா?"

"முதல் வருஷமே தெரிஞ்சுபோச்சு. அவர் வெட்டின நோட்டு ஒண்ணு முட்டை விக்கும்போது என்கிட்டயே திரும்பி வந்தது. பேரு போயிருந்தது. காட்டினேன்."

"என்ன சொன்னான்?"

"சிரிச்சார். 'அண்ணன் எனக்குன்னு ஆசையா வாங்கிக் கொடுத்தது, மாத்தினா வருத்தப்படுவாரு'ன்னார்."

ஹோரஸ் அங்கேயே, மெருகேற்றாத ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஆசையாக வாங்கிக் கொடுத்தது. அப்படி நிஜமாகவே ஒரு தடவையாவது எதையாவது வாங்கிக் கொடுத்திருக்கிறேனா என்று தேடிப் பார்த்தார். அந்த நினைவுப் பெட்டகத்திலும் ஒன்றும் தெளிவாக இல்லை.

"பெவன், அப்படியே வெட்டிடுங்க" என்றாள் ஒட்டிலி.

"வேணாம்மா. என் வால் அவன் கல்லுல வேணாம். கெஞ்சிக் கேட்கிறேன்."

"எது உங்க வாலுன்னு காட்டுங்க ஹோரஸ். எடுத்துடச் சொல்றேன்."

அவர் விரலை நீட்டினார். விரல் கண்ணாடிமேல் ஒரு இடத்துக்குப் போனது, இன்னொரு இடத்துக்குப் போனது, பிறகு மடங்கிக்கொண்டது. தப்பாகக் காட்டினால் தம்பியின் பெயரில் ஒரு துண்டு போய்விடும். மை போய்விட்டது. மிச்சமிருப்பதும் தன் கையால் போக வேண்டுமா?

நினைவு நாள் அன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் கொடியும் பூவுமாகக் கூடியிருந்தது. பெவனின் வேலை அபாரம். எழுத்தின் ஒவ்வொரு மெலிவும் தடிப்பும் கல்லில் அப்படியே இறங்கியிருந்தது. வில்பர் கிரிம்ஷா என்ற பெயர் வாத்துக்குஞ்சு போல நடந்தது. அதைத் தலையில்லாத ஒரு வால் எங்கிருந்தோ வந்து சுற்றிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லோருக்கும் அந்தக் கையெழுத்து அடையாளம் தெரிந்தது.

"அதே பேருதான். அச்சா அதே பேரு" என்றார்கள்.

"பிரசிடெண்ட் ஐயா இங்கயும் இடம் பிடிச்சுட்டாரே" என்றான் டோலிவர். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

பாட்டும் பிரசங்கமும் முடிந்து, கூட்டம் எலுமிச்சைச் சாறு குடிக்கக் கலைந்து போனது. ஒட்டிலியும் போய்விட்டாள். ஹோரஸ் மட்டும் நின்றார். பிறகு கோட்டு அழுக்காவதைப் பார்க்காமல் மண்டியிட்டு, சுட்டுவிரலைப் பள்ளத்தில் வைத்து எழுத்தைத் தொடர்ந்து போனார். நடுவில் ஒரு சுழியில் விரல் நின்றது. அது தன்னுடையதா தம்பியுடையதா என்று தெரியவில்லை. இது ஒன்றும் மங்காது, ஒரு காலத்திலும் மங்காது. விரலை எடுத்து, மறுபடி இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்தார்.